விளக்கேந்திய தூதுவர்

இம்மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமெனப் பழைய மாணவர் சங்கத்தார் பணித்தபொழுது, கல்லூரி நாள்களின் நினைவுகளை எழுதுவதா, அன்றி நாம் நெடுங்காலம் உழைத்த தாவரவியல் துறையைப்பற்றி எழுதுவதா என்று சிறிது தயங்கினோம். நினைவுகளை எழுதுவார் பலர் உளர். அவர்கள் எம்மினும் நன்றாகவே எழுதுவர். ஆதலின், தாவரங்களின் உடலினுள்ளே செல்லும் ஓமோன்கள் என்னும் நுண்பொருள்களைக் கண்ணாற் காண்பதற்கு ஆராய்ச்சியாளர் கையாளும் ஓர் உபாயத்தைப்பற்றி எழுதத் துணிந்தோம். அவ்வுபாயம் மிக அழகியது. அழகியதாதலின் சிறிது ஆபத்தானதுமாகும்.

பொருள் நமக்கு அயலானதன்று. வேலிக்குக் கதியால் நடுவதை இம்மலரை வாசிப்போரிற் பெரும்பாலார் கண்டிருப்பர், சிலர் நட்டுமிருப்பர். கிளுவையாயினும் பூவரசாயினும் முள்முருக்காயினும், வெட்டிய தடியின் அடிப்பக்கம் மண்ணுக்குள்ளும் நுனிப்பக்கம் மேலாகவும் நிற்குமாறே நடுவர். அறியாத சிறுவன் ஒருவன் தடியைத் தலைகீழாக நாட்டிவிட்டால், பக்கத்தில் நிற்கும் பெரியவர் அதனைப் பிடுங்கித் திருப்பி நாட்டுவார். காரணம் கேட்டால், "அடி அடிதான், நுனி நுனிதான், தம்பி" என்பதற்கு மேல் விடை வராது. அவ்விடை முற்றிலும் சரியானதே. ஜேர்மானியத் தாவரவியலறிஞர் வெக்ரிங் என்பார் 1878 இல் வெளியிட்ட நூலொன்றில் இதனையே கூறினார். வில்லோ மரத்துத் தடிகளை ஈரமான காற்றிலே தலைகீழாகத் தொங்கவிட்டபொழுதும், வேர்கள் முன்னர் அடியாயிருந்த முனையிலேயே, அஃதாவது இப்பொழுது மேலே நிற்கும் முனையிலேயே, பெரிதும் தோன்றக் கண்டார். மரத்தினின்றும் வெட்டப்பட்ட தடி தன் திசையை மறப்பதில்லை.

இத்திசையுணர்வின் காரணத்தை இன்று ஓரளவு அறிவோம். ஒட்சின் என்னும் ஓமோன் நுனியரும்பிலும் இளம் இலைகளிலும் உண்டாகி, கலத்துக்குக் கலம் கைமாறி, மணிக்கு ஏறக்குறைய ஒரு சதமமீற்றர் வேகத்தில் அடிநோக்கிச் செல்கின்றது. வெட்டுண்ட அடியிற் சென்று தேங்கி, அங்கே வேர் தோன்றுமாறு தூண்டுகின்றது. பதிவைத்த தடிகள் வேர்விடுவதற்கெனக் கடைகளில் விற்கப்படும் தூளில் உள்ளதும் இவ்வினத்தைச் சேர்ந்த பொருளே. கீழ்நோக்கி மட்டும் செல்வது எவ்வாறு? ஒவ்வொரு கலத்தின் கீழ்ப்புறத்திலும் ஒட்சினை வெளியே தள்ளும் வாயில்கள் இருத்தல் வேண்டுமென 1974 இல் றூபெறி, ஷெல்ட்றேக் என்னும் இருவரும், அடுத்த ஆண்டில் றேவன் என்பாரும் ஊகித்துரைத்தனர். அவ்வூகம் வீண்போகவில்லை. 1998 இல் 'பின்' என்னும் பெயருடைய புரதம் ஒன்று கலங்களின் கீழ்ப்புறத்து மென்சவ்விலே குந்தியிருப்பது காணப்பட்டது. குண்டூசியைப்போலப் பூவற்ற வெறுந்தண்டாக வளரும் ஒரு பிறழ்வுச் செடியிலிருந்து அப்பெயர் வந்தது.

வாயிலைக் கண்டாயிற்று, வாயில் வழியே செல்லும் பொருளைக் கண்டவர் யார்? ஈண்டுதான் இடர்ப்பாடு தொடங்குகின்றது.

நாம் இக்கல்லூரியில் உயர்தர வகுப்பிற் கற்ற காலத்தில், அஃதாவது 1970 களின் தொடக்கத்தில், எமது தாவரவியலாசிரியர் ஒரு பரிசோதனை செய்வித்தார். இறுங்கு விதைகளை இருட்டிலே முளைக்கவைத்து, முளைகளிற் பாதிக்குச் சிகரெட் பெட்டியின் ஈயத்தாளினாற் சிறு குல்லாய்கள் செய்து அணிவித்து, ஒருபுறம் துளையிட்ட பெட்டிக்குள் வைத்தோம். மறுநாட் காலையிற் பார்க்கையில் குல்லாயில்லாத முளைகள் துளையை நோக்கி வளைந்து நின்றன. குல்லாயணிந்தவை நேரே நின்றன. ஆசிரியர் பெட்டியைக் கையிலேந்தி, "ஒளியைக் கண்டது எது? வளைந்தது எது?" என்று வினவினார். கண்டது நுனி, வளைந்ததோ நுனிக்குக் கீழே உள்ள பகுதி. ஆகவே கண்ட இடத்திலிருந்து வளையும் இடத்துக்கு ஏதோ ஒரு செய்தி செல்லவேண்டும். சாள்ஸ் டார்வினும் அவர் மைந்தர் பிரான்சிசும் புல்லின் முளைகளைக்கொண்டு இம்முடிவுக்கு வந்து, 1880 இல் நூலாக வெளியிட்டதை அதன் பின்னரே அவர் கூறினார். நூற் செய்தியை முன்னே கூறிப் பரிசோதனையைப் பின்னே காட்டுவது அவர் வழக்கமன்று.

அச்செய்தி ஒரு பொருள் என்பதை ஒல்லாந்து நாட்டின் உத்திரெக்கு நகரத்து இளைஞரான வென்ற் 1926 ஆம் ஆண்டளவில் நிறுவினார். ஓற்ஸ் முளைகளின் நுனிகளை வெட்டி ஏகார்க் கூழின்மீது சிலமணி நேரம் வைத்து, பின் அக்கூழின் சிறு கட்டியை நுனியிழந்த முளையின் ஒருபுறத்தில் வைத்தார். முளை மறுபுறம் சாய்ந்து வளைந்தது. எத்தனை நுனிகள் வைக்கப்பட்டனவோ அதற்கேற்ப வளைவும் மிகுந்தது. 1934 இல் கெக்கல் என்னும் இரசாயனவறிஞரும் அவருடன் உழைத்தோரும் இத்தகைய வளைவை உண்டாக்கும் பொருளைத் தூய்மையாகப் பிரித்தெடுத்தனர். எதிலிருந்து எனின், மனிதரின் சிறுநீரிலிருந்து! இந்தோல் அசற்றிக்கமிலம் என்னும் அப்பொருளே தாவரங்களின் தலையாய ஒட்சினெனப் பின்னர்த் தெளிவாயிற்று. தாவர ஓமோனைச் சிறுநீரிலே தேடவேண்டிய அவசியம் யாதெனின், தாவரத்தில் அது அத்துணைச் சிறிய அளவில் உள்ளமையே. ஒரு கிராம் பச்சை இழையத்தில் உள்ள ஒட்சினை நனோகிராமில் எண்ணுதல் வேண்டும். நனோகிராம் என்பது கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு.

இத்துணைச் சிறிய பொருளை அளப்பதற்குச் செடியை அரைத்துச் சாறாக்கவேண்டியிருந்தது. அரைத்தபின் எவ்வளவு உண்டு என்று கூறலாம். எங்கே இருந்தது என்று கூறல் இயலாது. இடம் தெரியாவிடின் ஓமோனைப்பற்றி அறிந்தது பாதியே. ஏனெனில் ஒரே ஒட்சின் தண்டிலே கலங்களை நீளச்செய்கின்றது, வேரிலே அதே அளவில் நீட்சியைத் தடுக்கின்றது. கதிர்த்தொழிற்பாடுள்ள காபனை அதன் மூலக்கூற்றிற் பொதித்துப் பின்தொடர்ந்தனர் சிலர். அம்முறையின் பெருமை, மூலக்கூறு சிறிதும் உருமாறாதிருத்தல். அதன் குறையோ, உயிருள்ள கலத்தினுள்ளே நிகழ்வதை அக்கணத்திற் காட்டாமை. பின்னர், 1997 ஆம் ஆண்டு முதல், ஒட்சின் வந்தவிடத்து நிறமோ ஒளியோ தோன்றுமாறு செடியின் பரம்பரையலகையே மாற்றியமைத்தனர். மிகப் பயனுள்ள முறை. ஆயினும் அங்கே நாம் காண்பது ஒட்சினையன்று, ஒட்சின் வந்ததற்குக் கலம் கொடுத்த மறுமொழியை. கோயில் மணி கேட்டுப் பூசை நடைபெறுகின்றதென அறிவதைப்போன்றது அது.

நிற்க, புளோரொளிர்வு என்பது யாதெனச் சிறிது கூறுதல் வேண்டும். சில பொருள்கள் ஒரு நிற ஒளியை விழுங்கி வேறு நிற ஒளியை உமிழும். கொயினா கரைந்த நீர் வெயிலிலே நீலமாக மினுங்குதலை ஆராய்ந்த ஸ்ரோக்ஸ் என்னும் ஆங்கில நாட்டுப் பேராசிரியர், 1852 இல் இந்நிகழ்ச்சிக்கு ஒரு கனிப்பொருளின் பெயரைத் தழுவிப் பெயரிட்டார். இலைகளைக் கசக்கி மதுசாரத்தில் இட்டு வடித்த பச்சைச் சாற்றை நல்ல வெயிலிற் பிடித்துப் பக்கவாட்டிற் பார்த்தால் அது இரத்தச் சிவப்பாகத் தோன்றும், அதுவும் இதுவே. இத்தகைய பொருளொன்றை ஓமோன் மூலக்கூற்றிலே இரசாயன முறையாற் பிணைத்துவிட்டு, செடிக்கு ஊட்டி, நுணுக்குக்காட்டியின் கீழே நீல ஒளியைப் பாய்ச்சினால், ஓமோன் சென்ற இடமெல்லாம் பச்சையாக ஒளிரவேண்டும். இவ்வாறு விளக்கு பொருத்தப்பட்ட ஓமோனையே புளோரொளிர் ஒப்புரு என்கின்றோம். அது ஓமோன் அன்று, ஓமோனை ஒத்தது. இவ்வொரு சொல்லை மறவாதிருத்தலே இத்துறையில் தொழில் செய்வார்க்கு வேண்டிய முதற் கடமை.

ஊருக்கு மின்சாரம் வாராத காலத்தை நினைத்துக்கொள்க. இரவிலே ஓலை கொண்டு செல்லும் தூதன் எந்தெந்த வளவுக்குள் நுழைகின்றான் என்று அறிய விரும்பி, அவன் தலையிலே ஒரு பெற்றோல்மாக்ஸ் விளக்கை ஏற்றி அனுப்பிவிட்டு, நாம் மச்சுமேல் நின்று பார்க்கின்றோம். ஒரு வளவின் வாயிலில் விளக்கு நின்று திரும்பிவிடுகின்றது. அவ்வீட்டாருக்கு ஓலையில்லை எனலாமா? சங்கடப்படலையின் கூரை தாழ்வாயிருந்தமையால் விளக்குடன் நுழைய இயலாது திரும்பியிருத்தலும் கூடும். வேறொரு வளவிலே விளக்கு விடியும்வரை எரிகின்றது. தூதன் அங்கே தங்கினான் எனலாமா? விளக்கை இறக்கி வைத்துவிட்டு அவன் அப்பாற் போயிருத்தலும் கூடும். கலத்திலும் இவ்வாறே. ஒட்சினின் மூலக்கூற்று நிறை 175. அதற்கேற்ற சிறு விளக்கெனக் கருதப்படும் 'என்.பீ.டீ.' என்னும் கூட்டத்தின் நிறையே 164. புளோரசீன் என்னும் சாயத்தின் நிறை 332. தூதனுக்கும் விளக்குக்கும் பாரத்தில் வேற்றுமை அதிகமில்லை. நொதியங்கள் இரண்டையும் பிரித்துவிட்டால், நாம் காண்பது ஓமோனற்ற வெறுஞ் சாயமாகும். மேலும், புளோரசீன் அமிலத்தன்மையுள்ள இடத்தில் மங்கிவிடும். தாவரக் கலத்தின் நடுவே உள்ள புன்வெற்றிடம் அமிலத்தன்மையது. ஆகவே இருண்ட இடமெல்லாம் வெறுமையான இடமுமன்று.

வாழைக்குலையைக் குழியிலிட்டுப் புகையூதிப் பழுக்கவைக்கின்றோமே, அப்புகையிலுள்ள எதிலீனும் ஓர் ஓமோனே. அதன் நிறை 28. அதன் தலையில் எவ்விளக்கை ஏற்றுவது? எறும்பின்மேல் அம்பாரி வைத்தாற்போலாகும்.

இத்துணை இடர்ப்பாடுகள் இருந்தும் இம்முறையினாற் பெற்ற பயன் சிறிதன்று. முதலிற் கிபரெலினை எடுத்துக்கொள்வோம். தைவான் தீவிலே குறோசாவா என்னும் யப்பானியர், நெல் நாற்றுக்கள் மெலிந்து நெடிது வளர்ந்து சாய்ந்துபோகும் ஒரு நோயை ஆராய்ந்து, அந்நோயை உண்டாக்கும் பங்கசு சுரக்கும் பொருளொன்றே நாற்றை அவ்வாறு வளர்க்கின்றதென 1926 இல் காட்டினார். யப்பானிய உழவர் அந்நாற்றை 'மூட நாற்று' என்பர். அப்பொருளுக்கு யபூற்றா என்பார் 1935 இல் கிபரெலின் எனப் பெயரிட்டார். பின்னர் நோயற்ற செடிகளும் அதனைத் தாமே ஆக்குகின்றன என்பது தெரிந்தது. பசளை மிகுந்தால் நெடிது வளர்ந்து சாய்ந்துவிடும் பழைய நெல்லினங்களையும், 1966 இல் வெளிவந்த குட்டையான 'ஐ.ஆர். 8' இனத்தையும் பயிரிட்ட உழவர்க்கு இவ்வோமோனின் ஆற்றல் பெயர் தெரியாமலே தெரியும். குட்டை நெல்லின் குட்டைத்தன்மைக்குக் காரணம் கிபரெலினை ஆக்கும் நொதியமொன்றின் பழுதே என 2002 இற் கண்டனர்.

2013 இல் கலிபோர்னியாவில் ஷானி, வைன்ஸ்ரைன், எஸ்ரெல் முதலியோர், றொஜர் சியெனுடன் சேர்ந்து, புளோரசீன் பிணைத்த கிபரெலினை ஆக்கினர். சியென், ஒளிரும் பச்சைப் புரதத்தைப்பற்றிய ஆராய்ச்சிக்காக 2008 இல் ஷிமோமுறா, சல்பி என்பாருடன் நோபெல் பரிசு பெற்றவர். 2016 இல் காலமானார். விளக்கு ஏற்றிய கிபரெலின் தன் தொழிலை மறவாதிருப்பதை அவர்கள் முதலில் நிறுவினர். இதன் பின்னரே அதனை அரபிடொப்சிசு என்னும் சிறு செடியின் வேருக்கு ஊட்டினர். வேர் முழுவதும் ஒரேவகையாக ஒளிரவில்லை. நுனிக்குச் சற்று மேலே, கலங்கள் நீளும் பகுதியில், அகத்தோல் என்னும் ஒரேயொரு கலப்படையில் ஒளி திரண்டு நின்றது. சக்தியின்றி அத்திரட்சி நிகழவில்லை. ஆகவே அது தானாக ஊறிச் சென்றதன்று, கலங்கள் விரும்பி ஏற்றுக்கொண்டதே. கிபரெலின் வேரின் வளர்ச்சியை ஆள்வது அகத்தோலின் வாயிலாகவே என்று வேறு வழியால் 2008 இலேயே சிலர் கூறியிருந்தனர். இரு வழிகளும் ஒரிடத்திற் சந்தித்தன. 2016 இல் இதே விளக்கின் துணையால் கிபரெலினைக் கலத்தினுட் கொண்டுசெல்லும் புரதமொன்றையும் கண்டுகொண்டனர்.

ஒட்சினின் கதை இதற்கு நேர்மாறானது; எம் மனத்துக்கு அதுவே மிக உவப்பானது. யப்பானில் ஒக்கயாமா நகரத்து ஹயாஷியும் அவர் குழுவினரும் 2014 இல் 'என்.பீ.டீ.' விளக்கேந்திய ஒட்சின்களை வெளியிட்டனர். அவற்றைக் கொண்டு செல்லும் புரதங்கள் அவற்றை ஒட்சினென்றே எண்ணி ஏற்றி இறக்குகின்றன. செய்தியை வாங்கும் புரதமாகிய வாங்கியோ அவற்றை அறிந்துகொள்வதில்லை. அஃதாவது தூதன் வீட்டு வாசல்வரை போகின்றான். ஆனால் அவன் கையில் ஓலையில்லை. இதனைக் குறையென்று எண்ணுவார் எண்ணலாம். உண்மையில் வேண்டுமென்றே அவ்வாறு அமைத்தார்கள். மெய்யான ஒட்சின் போகுமிடமெல்லாம் கலத்தின் இயல்பை மாற்றிவிடும். வாயில்களின் எண்ணிக்கையும் இடமுங்கூட அதனால் மாறும். ஓலையற்ற தூதனாலன்றோ வழியை மாற்றாது வழியைப் பார்த்தல் இயலும்! தம் ஒப்புரு எதைச் செய்யாது என்பதை எதைச் செய்யும் என்பதினும் தெளிவாகக் கூறினார்கள். அவர்கள் கட்டுரையைப் படித்தபொழுது எமக்கு மதிப்பு உண்டானது அங்கேதான்.

பிராசினொசுத்திரொயிட்டு என்னும் ஓமோனைப்பற்றி 2012 இல் பெல்சியத்தின் கென்ற் நகரிலே செய்த ஆராய்ச்சியைச் சுருக்கமாகக் குறித்து மேற்செல்வோம். ஓமோனினும் பெரிய சிவப்புச் சாயத்தைச் சுமந்த அவ்வொப்புரு தன் வாங்கியுடன் கைகோத்தவாறே கலத்தினுட் செல்வதைக் கண்டனர். எனினும் செய்தி கொடுபடுவது உள்ளே சென்றபின் அன்று, வெளிச் சவ்விலேயே என்று முடிவு செய்தனர்.

இனி, விளக்கை அணைத்தே அனுப்பும் ஒரு தந்திரமும் உண்டு. சுடுமல்லி எனத் தமிழ்நாட்டுச் சோளப் பயிர்ச்செய்கையாளர் வைதுரைக்கும் களையொன்று உளது. அதன் இனத்தவை ஆபிரிக்காவில் இறுங்கையும் சோளத்தையும் வேரிலே பற்றி உறிஞ்சிப் பெரும் பஞ்சத்தை விளைவிக்கின்றன. தூளினும் நுண்ணிய அவ்விதைகள் மண்ணுக்குள்ளே பல்லாண்டு உறங்கிக் கிடந்து, பயிரின் வேர் கசியவிடும் சுத்திரைகோலத்தோன் என்னும் பொருளின் வாடை பட்டதும் விழித்து முளைக்கும். பயிருக்கு அப்பொருள் தன் கிளைகளை அடக்கி ஆளும் ஓமோன். வேருக்கு உதவும் பங்கசுக்களை அழைக்கும் குரலுமாகும். அக்குரலைக் கள்வனும் கேட்கின்றான். யப்பானின் நகோயா நகரத்தாராகிய சுச்சியா, ஹகிஹறா முதலியோர் 2015 இல் 'யோஷிமுலற்றோன் பச்சை' என்னும் ஒப்புருவை அமைத்தனர். அது தனியே இருக்கையில் ஒளிராது. சுத்திரைகோலத்தோனின் வாங்கிக்கு ஒரு விந்தையான இயல்புண்டு: தான் பற்றிய ஓமோனைத் தானே வெட்டிவிடும். ஒப்புருவையும் அவ்வாறே வெட்டும். வெட்டுண்டவுடன் பச்சை ஒளி எழும். ஆகவே ஒளி தோன்றும் இடம் ஓமோன் சென்ற இடமன்று. ஓமோன் கேட்கப்பட்ட இடம். உறங்கும் விதை எப்பொழுது, எப்பகுதியில் விழிக்கின்றதென்பதை அவர்கள் நேரிற் கண்டனர். இதன் வழிவந்த ஆராய்ச்சியில் 2018 இல், மிகமிகச் சிறிய அளவிலேயே அவ்விதைகளை முளைக்கச்செய்யும் வேறொரு பொருளையும் ஆக்கினர். பயிரில்லாத நிலத்தில் முளைத்த களை, பற்றுவதற்கு வேரின்றிச் சில நாள்களில் மடியும்.

இவையெல்லாம் வெற்றிகள். வெற்றியெனச் சொல்லவியலாத ஒன்றையும் கூறவேண்டும்.

நாம் இளைப்பாறுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, பிறநாட்டு ஆய்வுகூடமொன்றிலே எமக்கு அடுத்த மேசையில் ஒரு மாணவி பணிபுரிந்தாள். இரண்டாண்டு உழைத்து ஓர் ஓமோனுக்குப் பச்சை விளக்குப் பொருத்தியிருந்தாள். ஒருநாள் மாலை எம்மை இருட்டறைக்கு அழைத்து, "ஐயா, பாருங்கள்" என்றாள். வேரைச் சுற்றி ஒரு பச்சைக் கச்சை கட்டினாற்போல ஒளி நின்றது. எம் வாழ்நாளில் நுணுக்குக்காட்டியின் கீழே கண்ட அழகிய காட்சிகளில் அதுவும் ஒன்று. அவள் தலைவர் அதனைப் பெரிதாக்கிச் சுவரில் ஒட்டினார். மாதமொன்றுக்குள் கட்டுரையை அனுப்பிவிட வேண்டுமென்றார். அவளுடைய புலமைப்பரிசிற் பணம் அவ்வாண்டுடன் முடிவதாயிருந்தது. ஊரிலே தந்தையார் அப்பணத்தில் ஒரு பங்கை எதிர்பார்த்திருந்தார் என்பதும் எமக்குத் தெரியும்.

கட்டுரைக்கு இரண்டு பரிசோதனைகள் எஞ்சியிருந்தன. ஒன்று, ஓமோன் இல்லாத வெறுஞ் சாயத்தை வேருக்கு ஊட்டிப் பார்த்தல். மற்றொன்று, விளக்கில்லாத இயற்கை ஓமோனை மிகுதியாக உடனூட்டிப் பார்த்தல். வாயிலில் நெரிசல் உண்டானால் விளக்கேந்தியவர் உள்ளே நுழைவது குறையவேண்டும் அல்லவா? முதலாவதைச் செய்தாள். வெறுஞ் சாயமும் அதே இடத்தில் அதே கச்சையாகத் திரண்டது. ஊட்டிய அளவை மாற்றினாள். புதிய சாயம் வருவித்தாள். ஒருவாரம் கழித்து மீண்டும் செய்தாள். கச்சை அசையவில்லை. இரண்டாவது பரிசோதனையில் இயற்கை ஓமோனை எவ்வளவு கொட்டியும் கச்சை மங்கவில்லை. அவள் கண்டது ஓமோன் விரும்பிச் சென்ற இடமன்று; சாயம் ஒட்டிக்கொள்ளும் இடம்.

அவ்வாய்வுகூடத்திலே, முதற் படத்தை மட்டும் அனுப்பலாமே, கேட்டாற் பார்த்துக்கொள்ளலாம் என்று கூறியவர்களும் இருந்தனர். அவள் இரண்டு படங்களையும் பக்கத்திற் பக்கமாக அச்சிட்டுத் தலைவரின் மேசையில் வைத்துவிட்டு வந்தாள். சுவரில் ஒட்டியிருந்த படம் அடுத்த கிழமை அங்கே காணப்படவில்லை. பெரிய சஞ்சிகைக்கு அனுப்ப இருந்த கட்டுரை எழுதப்படவேயில்லை. ஆனால் அவ்விரண்டாவது பரிசோதனையின் படங்களை அவள் மீளவும் மீளவும் பார்த்தபொழுது, கச்சைக்கு உள்ளே ஒரு வரிசைக் கலங்களில் மிக மங்கிய ஒளி இருந்ததையும், இயற்கை ஓமோனை ஊட்டியபொழுது அது மட்டும் மறைந்ததையும் கண்டாள். வெறுஞ் சாயம் ஊட்டிய வேரில் அவ்வரிசை இருண்டிருந்தது. சுவரில் ஒட்டக்கூடிய படமன்று அது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தாலன்றித் தெரியாது. அவள் ஆய்வேட்டில் அதற்கு ஓர் அத்தியாயமும் பதினோரு படங்களும் உள. பட்டம் எட்டு மாதம் பிந்திக் கிடைத்தது. அந்த எட்டு மாதமும் ஒரு சிற்றுண்டிச்சாலையில் இரவு வேலை செய்தாள்.

ஒப்புருக்களின்மேல் ஐயம் உண்டாக்குவதற்காக இதனைச் சொல்லவில்லை. இன்று அவை தனிச் சாட்சியாக நிற்கவேண்டிய அவசியமுமில்லை. ஓமோன் வந்து பற்றியவுடன் தன் வடிவம் மாறி ஒளியின் நிறத்தை மாற்றும் புரதங்களைச் செடியிலேயே வளர்க்கின்றனர். அங்கே ஓமோன் விளக்கேந்துவதில்லை, வாயில்தோறும் காவலர் விளக்கேந்தி நிற்கின்றனர். கிபரெலினுக்கு 2017 இல் அத்தகைய புரதமொன்று வெளிவந்தது. வேரின் நீளும் பகுதியில் கிபரெலின் மிகுந்திருப்பதை அதுவும் காட்டிற்று. ஒட்சினுக்கு 2021 இல் ஜேர்மனியர், பற்றீரியமொன்றின் புரதத்தைத் திருத்தியமைத்து ஆக்கினர். காவலர் முறையிலும் குறையுண்டு: ஓமோனைப் பற்றிக்கொள்ளும் புரதங்கள் பெருகினால் செடிக்கென்று எஞ்சும் ஓமோன் குறையும். அம்முறை பரம்பரையலகை மாற்றக்கூடிய செடிகளுக்கே ஆகும். ஒப்புருவையோ எந்த வயலில் நிற்கும் எந்தச் செடிக்கும் ஊட்டலாம். பனையின் வித்தினின்றும் கீழ்நோக்கிக் கிழங்கு இறங்குகின்றதே, அதனுள் ஒட்சின் எவ்வழிச் செல்கின்றதென்று பார்க்க விரும்புவார்க்கு ஒப்புருவே எளிய வழி. இம்மலரை வாசிக்கும் இளைய மாணாக்கரில் ஒருவர் அதனைச் செய்வாராயின், கிழங்கின் நார்கள் தாமாகவே நீலமாக ஒளிரும் என்பதை முன்னரே அறிந்துகொள்க. சாயமிடாத கிழங்கை முதலிற் பார்த்துவைத்தல் வேண்டும்.

யூபிலியை முன்னிட்டுக் கல்லூரித் தாவரவியல் ஆய்வுகூடத்துக்குக் கழியூதாக் கைவிளக்குகள் ஆறு அனுப்பியுள்ளோம். மஞ்சட்தூளை மதுசாரத்திற் கரைத்து அதன் ஒளியிற் பிடித்தால் பசுமஞ்சளாக ஒளிரும். கொயினா சேர்ந்த ரொனிக் நீர் நீலமாகவும், இலைச்சாறு சிவப்பாகவும் ஒளிரும். மாணவர்களின் வெள்ளைச் சட்டைகளும் ஒளிரும், அது சவர்க்காரத் தூளில் உள்ள சாயத்தின் வேலை. ஒவ்வொரு முறையும் வெறும் மதுசாரம் மட்டும் உள்ள குழாயொன்றையும், வெறுந் தண்ணீர் உள்ள குழாயொன்றையும் பக்கத்தில் வைத்துக்கொள்க. விளக்கைக் கண்ணுக்கு நேரே பிடித்தல் ஆகாது. மின்கலங்கள் பெட்டியின் அடித்தட்டில் தனியே பொதியப்பட்டுள்ளன.